மறு: மின்கார் வீட்டுப் பெட்டிக்குத் தமிழ்ச்சொல் – 'மின்மடை' என்று முன்மொழிகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்காருக்காக வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு இதுவரை மின்னேற்றி, மின்னூட்டி, மின்வாயில், மின்வழங்கு கருவி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானோர் மின்னேற்றி பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல என் மைத்துனர் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் கார் 2020-இல் வாங்கியது. மின்கலத் தொகுதி சுமார் 30 கிலோவாட் மணி. இரவு முழுக்கப் போட்டால்தான் நிறைகிறது என்று கடையில் சொல்லியிருக்கிறார். "உங்க சார்ஜர் 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டுங்க, பாதி நேரம்தான்" என்றார்கள். மாட்டினார். அப்போதும் அதே ஒன்பது மணி நேரத்துக்கு மேல்தான் ஆனது. பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. சார்ஜர் சுவரில் இல்லவே இல்லை. அது காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி மின்கலத்துக்குள் ஏற்றுவது வண்டிக்குள் இருக்கும் கருவிதான். அவருடைய வண்டியில் அதன் திறன் 3.3 கிலோவாட். சுவரில் எதை மாட்டினாலும் அதற்கு மேல் எடுக்காது. இரண்டு வேறு கருவிகளுக்கு ஒரே பெயர் இருந்ததால் அவர் இரண்டு முறை ஏமாந்தார். அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் நாமே கொண்டு வந்து வைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

சரி, அப்படியானால் சுவர்ப்பெட்டி என்னதான் செய்கிறது? காரோடு பேசுகிறது, கார் கேட்டால் திறந்து விடுகிறது, ஏதாவது தவறென்றால் அடைத்து விடுகிறது. காருக்குப் போகும் கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகளோடு ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. செருகாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். காரில் செருகியதும் அது 9 ஆக இறங்கும். உடனே பெட்டி நொடிக்கு 1000 முறை ஏறி இறங்கும் துடிப்பை அனுப்பத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பும் எத்தனை விழுக்காடு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் செய்தி. 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர் வரை எடுக்கலாம். 50 விழுக்காடு என்றால் 30 ஆம்பியர். கார் தயாரானதும் 9 வோல்ட்டை 6 ஆக இறக்கும். அதன் பிறகுதான் பெட்டிக்குள் காண்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 'டக்' என்று ஒட்டும், மின்சாரம் பாயும். எர்த் சரியில்லை என்றாலோ கசிவு இருந்தாலோ நல்ல பெட்டி ஒட்டவே ஒட்டாது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஏரிதான் நினைவுக்கு வந்தது. மடை தண்ணீரை உண்டாக்குவதில்லை, தேக்கி வைப்பதும் இல்லை. வயல் கேட்கும்போது, வாய்க்கால் தாங்கும் அளவுக்குத் திறந்து விடும். இந்தப் பெட்டியின் வேலையும் அதுவேதான். ஆகவே மின்மடை.

மற்ற சொற்களை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்வாயில் நல்ல சொல்தான். ஆனால் மின்னணுவியலில் 'வாயில்' ஏற்கெனவே தர்க்க வாயிலாக (லாஜிக் கேட்) இருக்கிறது, மின்வாய் என்றால் மின்முனை. மின்னூட்டம் நம் பாடநூல்களில் கூலும் அலகில் அளக்கும் இயற்பியல் பண்பு, அதனால் மின்னூட்டியும் வேண்டாம். மின்வழங்கு கருவி தவறில்லை, ஆனால் யார் வாயிலும் நிற்காது.

மின்னேற்றியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது காருக்குள் இருக்கும் கருவிக்கு உரிய பெயர். நெடுஞ்சாலையில் நிற்கும் 50 கிலோவாட் விரைவுப் பெட்டியும் உண்மையான மின்னேற்றிதான், ஏனென்றால் அது தானே நேர்மின்னோட்டமாக மாற்றி, வண்டிக்குள் இருப்பதைத் தாண்டி நேராக மின்கலத்துக்குக் கொடுக்கிறது. அங்கே மின்னேற்றி, வீட்டில் மின்மடை. இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

நேற்று ஒருவர் எழுதியிருந்தார்:

> மடை என்றதும் மடையன் என்ற வசவு நினைவுக்கு வராதா?

மடை திறந்த வெள்ளம், கடைமடை விவசாயி என்று நாள்தோறும் சொல்கிறோம், எழுதுகிறோம். யாருக்கும் வசவு நினைவுக்கு வருவதில்லை. தவிர மடை என்றால் படையலும்தான். கோயில் மடைப்பள்ளி அதிலிருந்து வந்ததே. உணவு கொடுக்கும் இடம் என்ற பொருளும் இங்கே பொருந்துகிறது என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த மெல்லிய கம்பிக்கு *தூதுக்கம்பி* என்று இங்கே முன்பே ஒரு அம்மா சொன்னார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெட்டி அறிவிக்கும் உச்ச ஆம்பியருக்கு *மடையளவு*. இந்தச் சொல் எனக்கு மிக முக்கியம். மைத்துனர் வீட்டில் நான் செய்த ஒரே மாற்றம் இதுதான். கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வயர் பழையது, 16 ஆம்பியருக்கானது. பெட்டியோ 32-இல் வைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார் 15-க்கு மேல் எடுக்காததால் பிழைத்தது. நாளை 7.2 கிலோவாட் மின்னேற்றி உள்ள வண்டி வந்தால் அதே வயரில் 32 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடப் பார்க்கும், அளவு மீறினால் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றைத்தான் நம்ப வேண்டியிருக்கும். மூடியைத் திறந்து உள்ளே இருந்த சிறு சுவிட்சை 16-க்கு மாற்றினோம். 32 வேண்டுமென்றால் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியைத் தனியாக மெயினிலிருந்து இழுத்து, தனி பிரேக்கர், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மடையளவை வாய்க்கால்தான் தீர்மானிக்கும், வயல் அல்ல என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. விவசாயக் குடும்பம்.

அடுக்ககங்களில் நான்கைந்து கார்கள் ஒரே இணைப்பைப் பகிரும்போது ஒன்றுக்குக் கூட்டி ஒன்றுக்குக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு *முறைவைப்பு*. வயல்களுக்கு முறைவைத்து நீர் விடும் முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

கேபிளின் நடுவே சிறு பெட்டியோடு வரும், 15 ஆம்பியர் பிளக்கில் செருகிக்கொள்ளும் வகைக்கு மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கைமடை என்று வைத்தால் கடைமடையோடு காதில் குழம்புமோ என்று தோன்றுகிறது. அப்புறம், ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. வன்னிக் குளங்களில் மதகைத் துருசு என்பீர்கள் அல்லவா? உங்கள் பக்கம் மடை என்றால் வயலுக்கு நீர் விடும் இடம் என்று எடுத்தவுடன் விளங்குமா, அல்லது படையல்தான் முதலில் நினைவுக்கு வருமா? உங்கள் பதிலைப் பார்த்த பிறகே கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்.