இதயச் செயலிழப்பு படிவம்: 3 மாதத்தில் 12 புள்ளி கூடியதாக வருகிறது, நம்பலாமா?

தரவுமேசை:
இதயச் செயலிழப்போடு வந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் கேசிசிக்யூ-12 படிவம் வாங்குகிறோம் (நோயாளியே தன் நிலையைச் சொல்லும் 12 கேள்விகள்; மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது). டிஸ்சார்ஜ் அன்று 412 பேரும் நிரப்பினார்கள், சராசரி 52. 3 மாதம் கழித்து செல்போனுக்கு லிங்க் அனுப்பியதில் பதில் சொன்னவர்கள் 187, சராசரி 64. இடையில் 38 பேர் இறந்துவிட்டார்கள். "12 புள்ளி முன்னேற்றம்" என்று அறிக்கையில் போடச் சொல்கிறார்கள். இன்னொன்று, சிலருக்கு உடலியக்கப் பகுதி மதிப்பெண் 100-ஐத் தாண்டுகிறது. ஏன்?

எண்கணக்கன்:
போடாதீங்க. 52 ஒரு கூட்டத்தோடது, 64 வேறொரு கூட்டத்தோடது. பதில் சொன்ன அதே 187 பேருக்கு முதல் நாள், அதாவது டிஸ்சார்ஜ் அன்று, சராசரி எவ்வளவு?

வார்டு சிஸ்டர்:
100-ஐத் தாண்டுவது முதல் கேள்வியால். குளிப்பது, சமதரையில் நடப்பது, வேகமாகப் போவது அல்லது ஓடுவது என மூன்று வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 1 (மிகவும் சிரமம்) முதல் 5 (சிரமமே இல்லை) வரை மதிப்பெண்; ஆறாவது கட்டம் "வேறு காரணத்தால் முடியவில்லை அல்லது செய்யவில்லை". அது மதிப்பெண் அல்ல, விடுபட்ட பதில். 5, 5, 6 என்று அப்படியே விட்டால் சராசரி 5.33, ஒன்றைக் கழித்து நாலால் வகுத்து நூறால் பெருக்கினால் 108.3. இதுவாவது கண்ணில் படும். 2, 3, 6 என்றால் 37.5 வரவேண்டியவருக்கு 66.7 வந்துவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. ஓடிப் பழக்கமில்லாத வயதான அம்மாக்களும் முழங்கால் வலிக்காரர்களும் தொடுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத்தான். 6-ஐக் காலியாக்குங்கள், மூன்றில் இரண்டு பதிலாவது மிஞ்சினால்தான் அந்தப் பகுதிக்கு மதிப்பெண்.

தரவுமேசை:
திருத்திவிட்டேன். முதல் நாள் 412 பேருக்கு 50. அந்த 187 பேருக்கு முதல் நாள் 57, 3 மாதத்தில் 62.

எண்கணக்கன்:
அப்போ 12-ல 7 புள்ளி ஆள் மாறினதால வந்தது; ஏற்கெனவே தேறியிருந்தவங்கதான் பதில் அனுப்பியிருக்காங்க. மிச்சம் 5. நோயாளியால உணரமுடிகிற குறைந்தபட்ச மாற்றமா வழக்கமா எடுத்துக்கிற அளவு அது, ஆனா அதையும் உடனே நம்பவேண்டாம்.

இறந்தவங்களைப் பதில் தராதவங்களோட கலக்காதீங்க. உயிரோட இருக்கிற 374 பேர்ல பதில் வந்ததா இல்லையான்னு ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஒவ்வொருத்தரும் பதில் தர்ற நிகழ்தகவைக் கணிக்கிற கணக்கு) போடுங்க, இதையெல்லாம் வச்சு: முதல் நாள் மதிப்பெண், வயது, பால், என்.ஒய்.எச்.ஏ. வகுப்பு (இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் எவ்வளவு தீவிரம்னு சொல்ற நிலை), எஜக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுற ரத்தத்தோட சதவீதம்), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த அளவு), படிப்பு, போன் யாருடையது. வர்ற நிகழ்தகவின் தலைகீழ்தான் (1-ஐ அதால வகுத்தது) பதில் சொன்ன ஒவ்வொருத்தருக்கும் கணக்கில் எடை; பதில் தர வாய்ப்பு குறைவா இருந்தும் தந்தவங்க கூடுதலா எண்ணப்படுவாங்க. ஒரே ஆளுக்கு 15, 20 என்று எடை வந்தா 99-ஆவது சதமானத்துல (100-ல 99 பேரோட எடை அதுக்குள்ள அடங்குற அளவுல) வெட்டிவிடுங்க. எடை போட்டதும் 187 பேரும் 374 பேரும் ஒத்துப்போறாங்களான்னு பாருங்க. தரப்படுத்திய வேறுபாடு (இரண்டு கூட்டத்தோட சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால வகுத்தது) 0.1-க்குள்ள இருக்கணும்.

இந்த வாரம் மூச்சுத் திணறினதால போனையே எடுக்காதவரை எந்த எடையும் பிடிக்காது. அதுக்கு ஒரு கணக்கு போதும். உங்களுக்குப் பதில் வந்தது சரிபாதி. வராத பாதிக்குச் சராசரியா 5 புள்ளி குறைஞ்சிருந்தா மொத்த மாற்றம் பூஜ்யம். நடக்கக்கூடியதுதானே?

வார்டு சிஸ்டர்:
ஊகிப்பதைவிடக் கேட்டுவிடலாம். வராத 187 பேரில் குலுக்கலில் 60 பேரை எடுத்து, வேறு வேறு நேரத்தில் மூன்று முறை கூப்பிடுங்கள். கேள்வியைப் படிவத்தில் உள்ளபடியே வாசிக்கவேண்டும். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் வேலை கெட்டது. இறந்த 38 பேருக்கு 0 போட்டுச் சராசரியில் சேர்க்கவேண்டாம். "412 பேரில் உயிரோடு இருந்து 5 புள்ளியாவது கூடியவர்கள் எத்தனை பேர்" என்று தனி வரி கொடுங்கள். அந்த வரியிலும் பதில் தெரியாதவர்களின் எண்ணிக்கை பக்கத்தில் நிற்கட்டும்.

தரவுமேசை:
நிறைய படிவம் மகனோ மருமகளோ நிரப்பியதாகத் தெரிகிறது. எடுத்துவிடவா?

வார்டு சிஸ்டர்:
எடுக்காதீர்கள். எழுத்துத் தெரியாதவர்களும் ரொம்ப முடியாதவர்களும் அதோடு போய்விடுவார்கள். யார் நிரப்பியது, லிங்க்கா போனா நேரிலா என்று தரவு அட்டவணையில் இரண்டு பத்தி (நெடுவரிசை) சேர்த்து, தனித்தனியாகப் பாருங்கள். அவர் சொல்ல மகன் தட்டியதும், மகனே நினைத்து நிரப்பியதும் வேறு. அதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.