54 வயதில் பதவி உயர்வு வேண்டுமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொதுத்துறை வங்கியில் சீனியர் மேனேஜராக, ஸ்கேல் 3-இல் இருக்கிறேன். அடுத்த மாதம் சீஃப் மேனேஜர் பதவிக்கு நேர்காணல். தேறினால் பெரும்பாலும் வட மாநிலத்துக்கு மாற்றல்தான். ஓய்வு 60-இல். 2010 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்ததால் பென்ஷன் உண்டு, அதனால் பணம் பெரிய கவலை இல்லை. ஆனால் என்னைவிட இளையவர்கள் மேலதிகாரியாக வரும்போது உறுத்துகிறது, மறைப்பானேன்!

மயிலாப்பூர் வாழ்க்கையோ இப்போதுதான் ருசிக்கிறது. மிருதங்கம் கற்கிறேன். மார்கழியில் மதியக் கச்சேரி, அப்புறம் சபா கேன்டீன். "போறதுன்னா தனியாப் போங்க" என்று மனைவி சொல்லிவிட்டார்.

ஐம்பதுக்கு மேல் இப்படிப் போனவர்கள், வேண்டாமென்று விட்டவர்கள் இருவருமே சொல்லுங்கள்: சில வருடம் கழித்து எப்படி இருந்தது? அங்கே உங்களுக்கென்று நேரம் கிடைத்ததா?