மாரிக்கு முன் போனடியில் ஒட்டவேண்டிய தாள்

வெளிநாட்டில் இருக்கும் ஊர் உறவுகளுக்கு வணக்கம். ஊரில் இருக்கும் எங்கள் ஆட்களின் வீடுகளில் போனடியில் ஒட்ட, அவசர இலக்கங்கள் உள்ள ஒரு தாள் அடிக்கப்போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன மாரியில் ஒரு நாள். ஊரில் இரவு இரண்டு மணி, இங்கே லண்டனில் எட்டரை. பெரியம்மா போன் எடுத்தார். முற்றம் முழுக்கத் தண்ணி, பெரியப்பாவுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை என்றார். நான் பதறிப்போய் இலங்கைக்குரிய 0094 போட்டு, அம்புலன்ஸ் இலக்கமான 1990 அடித்தேன். போகவில்லை. திரும்பவும் அடித்தேன். அது நாட்டுக்குள் இருந்து அடிக்கிற இலக்கம் என்பது அந்த நேரம் மூளையில் ஏறவில்லை. பிறகு ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு எடுத்தேன், அவன் இன்னொருவருக்கு எடுத்தான். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெடியன் தன் போனில் 1990 அடித்த பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. பெரியப்பா தப்பிவிட்டார். ஆனால் இடையில் போன முக்கால் மணித்தியாலம் எங்களால் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

80களிலும் 90களிலும் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர்களுக்கு அவசரம் என்றால் கார் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் தெரியும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. முழுக்க இலவசம். வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் கேட்பார்கள்: கோயில், சந்தி, வாசிகசாலை. பதட்டத்தில் அது வாயில் வராது, ஆகவே தாளில் அதையும் எழுதி வைக்கவேண்டும். பொலிசுக்கு 119, தீக்கு 110, வெள்ளம் புயலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் 1987. கம்பி கிடக்கும் தண்ணிக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று அம்மாமாருக்கு இரண்டு தரம் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. எங்களில் பலர் எதற்கெடுத்தாலும் பிரதேச சபைக்கு எடுக்கச் சொல்கிறோம். லண்டனில் கவுன்சிலுக்கு அடித்துப் பழகிய பழக்கம் அது. ஊரில் வேலை பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

சபையின் வேலை ஒழுங்கைகள், வெள்ளவாய்க்கால், மதகு, தெருவிளக்கு, குப்பை. சபை வீதியில் மரம் விழுந்தாலும், மதகு அடைபட்டுத் தண்ணி வளவுக்குள் ஏறினாலும் சபைதான் ஆள் அனுப்பவேண்டும். கிணறு கெட்டால் பவுசரில் (தண்ணி லொறியில்) குடிதண்ணியும் கேட்கலாம். பெரிய வீதிகள் வேறு திணைக்களத்துக்குரியவை, அதற்குச் சபையைத் திட்டிப் பயனில்லை. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். இப்போது எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். அவருடைய போன் இலக்கத்தை அம்மாமார் வாங்கி வைக்கட்டும்.

ஆட்களை இடம்பெயர்த்துப் பள்ளிக்கூடத்தில் வைப்பது, சமைத்த சாப்பாடு, உலர் உணவு, சேத விபரம், நட்டஈடு, இவையெல்லாம் விதானையார் (கிராம அலுவலர்) வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறவை. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபா அறிவித்தபோதும் பெயர் விபரம் விதானையாரிடமிருந்துதான் போகவேண்டியிருந்தது. தனியே இருக்கும் வயதான ஆட்கள், கட்டிலோடு கிடப்பவர்கள் யார் யார் என்று அவருக்கு மாரிக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வெள்ளம் வந்த பிறகு கனடாவிலிருந்து அவருக்கு இருபது பேர் அடித்தால் அந்த மனிசன் யாருக்குப் பதில் சொல்வது?

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுத் தண்ணியைக் குடிக்கவேண்டாம். பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொன்னால் குளோரின் போடுவது பற்றிப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் மலகூடக் குழியும் கிணறும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்தானே.

அப்புறம், கொஞ்சம் மனவருத்தமான ஒன்று. போன முறை கோயிலடி ஒழுங்கையில் தண்ணி வடியாமல் நின்றது ஏன் என்று விசாரித்தேன். பூட்டிக் கிடக்கும் வளவுகளின் வேலி சரிந்து வாய்க்காலை அடைத்திருக்கிறது. அந்த வளவுகள் எங்களுடையவை. இதை வாசிக்கும் சிலருடையவை. பற்றை மண்டிய வளவில், தேங்காய்ச் சிரட்டையில், பாசி பிடித்த தொட்டியில் டெங்கு நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி காணிக்காரர்மேல் வழக்குப் போடலாம். வழக்குக்காக இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகச் செய்யவேண்டும். ஐப்பசிக்கு முன் ஒரு கூலியாளைப் பிடித்துத் துப்புரவாக்குங்கள். காசு அனுப்ப முடியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், சங்கத்தில் பேசி ஒழுங்கு செய்யலாம்.

சரி, இப்போது கேட்பது இதுதான். ஊரில் ஆள் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் மூன்று விபரம் அனுப்புங்கள்: வீடு எந்த விதானையார் பிரிவு (ஜே என்று தொடங்கும் அதன் இலக்கம்), வழி சொல்ல ஒரு அடையாளம், இரவிலும் போன் எடுக்கக்கூடிய ஒரு அயலவரின் பெயரும் இலக்கமும். அயலவரிடம் முதலில் கேட்டுவிட்டுத் தாருங்கள். எல்லாவற்றையும் வீடு வீடாகத் தனித்தாளாகப் பெரிய எழுத்தில் அடித்து, வாசிகசாலைப் பெடியளிடம் கொடுத்து ஒட்டுவிக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். பெரியம்மாவின் போன் அன்றிரவு இரண்டே காலுக்குச் சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது.