மான்டேகிறிஸ்டோ சுருட்டுக்கு எந்த மது சேரும்?

கேள்வி: நண்பர் ஹவானாவிலிருந்து மான்டேகிறிஸ்டோ நம்பர் 4 கொண்டுவந்து தந்தார். வீட்டில் லகாவுலின் 16 விஸ்கி இருக்கிறது. இரண்டும் சேருமா?

பதில்: வேண்டாம் சார். லகாவுலினின் புகைவாசம் தூக்கலானது. மான்டேகிறிஸ்டோவின் கோகோ, காபி வாசனையெல்லாம் அதில் அமுங்கிப் போகும். ஹவானா கிளப் 7 ரம் பாருங்கள். அதன் இனிப்பு புகையிலைக் கசப்பைத் தணிக்கும். ஐஸ் போடாதீர்கள், நாக்கு மரத்துவிட்டால் ருசியே தெரியாது. முதலில் சுருட்டை மட்டும் கொஞ்ச நேரம் பிடியுங்கள், அப்புறம் ஒரு மடக்கு. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும்.

இன்னொருவர்: டானி போர்ட் ஒயின் கிடைத்தால் விடாதீர்கள். அருமையான ஜோடி.

கேட்டவர்: இரண்டுமே இங்கே கிடைக்கவில்லை. ஓல்டு மாங்க் ரம் சரிவருமா?

பதில்: தாராளமாக. அதிலுள்ள வெனிலா வாசம் இந்தச் சுருட்டோடு நன்றாகவே போகும். கோலா மட்டும் கலந்துவிடாதீர்கள்.