டோ பால் பக்கத்தில் பின்படி: டிஃபெண்டர் 110-இல் டிரெய்லர் இடிக்கிறது, உதவி வேண்டும்

வயல்வண்டி:
எங்களிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, டிடி5 எஞ்சின். இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வெளியே சிறு நிலம் வாடகைக்கு எடுத்துக் கீரையும் பீன்ஸும் போடுகிறோம். எரு மூட்டைகள் டிரெய்லரில் வரும், கருவிகள் வண்டியின் பின்பக்கத்தில் இருக்கும். அவற்றை எடுக்க அப்பாதான் ஏறி இறங்குகிறார். வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. அவருக்காகவே மடக்குப் படி ஒன்று வாங்கி மாட்டினேன்.

படியின் தகடு, டோ பாலுக்கும் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) அதைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே உட்காருகிறது. டோ பாலைப் பிடிக்கும் அதே இரண்டு எம்16 (16 மி.மீ. தடிமன்) போல்ட்கள்தான் படியையும் பிடிக்கின்றன. படி இடப்பக்கம் 30 செ.மீ. தள்ளி நிற்கிறது. இடப்பக்கம் ஒடித்துப் பின்னோக்கி வரும்போது டிரெய்லரின் முக்கோணச் சட்டம் படியில் இடிக்கிறது. படியை மடக்கி வைத்தால் பின்கதவு திறப்பதில்லை. இரண்டு வாரமாக, மேடு பள்ளத்தில் 'டொக்' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. வண்டியின் பின் குறுக்குச்சட்டத்தில் புதிதாகத் துளையிட்டுப் படியை இன்னும் தள்ளி வைக்கலாமா?

பழைய ஸ்பேனர்:
தம்பி, இடிப்பதை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சத்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. படியைச் சரிசெய்யும் வரை டிரெய்லரை மாட்டாதீர்கள்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே மூன்றாவது தகட்டைச் செருகும்போது போல்ட்டின் நீளம் போதாமல் போகும். நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிகிறதா, பாருங்கள். படியின் தகட்டில் தடித்த பெயின்ட் பூச்சு இருந்தால், அது நாளடைவில் நசுங்கி போல்ட்டின் இறுக்கம் குறையும். போதாக்குறைக்கு, 30 செ.மீ. தள்ளி ஒருவர் ஏறி நிற்பது, ஸ்பேனரின் முனையில் ஆள் ஏறி நிற்பதைப் போன்றது. 70 கிலோ மனிதர் என்றால் ஒவ்வொரு முறையும் சுமார் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அந்த முறுக்கு டிரெய்லரைப் பிடித்திருக்கும் போல்ட்களுக்குப் போகக் கூடாது. ஆள் ஏறும் படிக்குத் தனி போல்ட் வேண்டும்.

வேல்ஸ் மலையன்:
அண்ணன் சொல்வது சரி. துளையிடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். டிஃபெண்டரின் பின் குறுக்குச்சட்டம் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி. வெறுமனே துளையிட்டு போல்ட்டை இறுக்கினால் பெட்டியின் சுவர்கள் உள்ளே அமுங்கும், இறுக்கம் நிற்காது. துளைக்குள் இரும்புக் குழல் வைத்து, அதன் வழியே போல்ட் போக வேண்டும். அதற்கும் முன்னால் சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டுங்கள், ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். இந்த வண்டியில் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். சேறு உள்ளே போய்த் தங்கிவிடும்.

இன்னொன்று. சேற்றில் சிக்கினால் டோ பாலில் கயிறு மாட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். உடைந்த டோ பால் பீரங்கிக் குண்டைப் போலப் பறந்து உயிரைப் பறித்திருக்கிறது. கயிறு மாட்ட, சேசிஸில் பொருத்தும் ஜேட் வளையங்கள் எனும் இரும்பு வளையங்கள் கிடைக்கின்றன.

பழைய ஸ்பேனர்:
டிரெய்லர் மாட்டியிருக்கும்போது அப்பா பின்னால் ஏறவே வேண்டாம். முக்கோணச் சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே, சேற்றில், முழங்கால் வலியோடு நிற்க நல்ல இடமில்லை. அவர் அடிக்கடி எடுக்கும் கருவிகளை மட்டும் பக்கக் கதவருகே மாற்றி வைக்க முடியுமா?

வயல்வண்டி:
முடியும் ஐயா, ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை. மண்வெட்டியும் கத்தரிக்கோலும்தான் அவர் தினமும் எடுப்பவை.

இன்று படியைக் கழற்றினேன். ஒரு நட்டில் மரை வெளியே தெரியவே இல்லை. தகட்டின் பெயின்ட் வட்டமாக நசுங்கிப் பொடியாக உதிர்ந்தது. டோ பாலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 8.8 தரத்தில் புதிய போல்ட், புதிய நட் போட்டு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். வெறும் வண்டியாக ஒரு சுற்று ஓட்டினேன். சத்தம் போய்விட்டது.

குறுக்குச்சட்டத்தின் இடது முனையில் ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் உள்ளே போய்விட்டது.

வேல்ஸ் மலையன்:
அப்படியானால் டிரெய்லருக்கு இப்போதைக்கு ஓய்வுதான். தகடு ஒட்டி மறைக்க வேண்டாம், சட்டத்தையே மாற்றுங்கள். துத்தநாகம் பூசியதாகக் கிடைக்கிறது. பூசும் முன்பே படிக்கான குழல்களைப் பற்றவைக்கச் சொல்லுங்கள், பூசிய பின் பற்றவைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். கதவுச் சட்டத்தில் ஒரு கைப்பிடியும் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குக் கையும் பாதி வேலை செய்யும்.

வயல்வண்டி:
சொல்லிவிட்டேன். அதுவரை இரண்டு படி வைத்த அலுமினிய முக்காலி போதும். புதுப் படிக்காக அப்பாவின் பாதத்தை ரப்பர் பூட்ஸோடு அளந்தேன். 31 செ.மீ. இருக்கிறது. நான் வாங்கி மாட்டிய படியின் ஆழம் 18 தான். இத்தனை நாளும் அவர் முன்பாதத்தில் நின்றுதான் ஏறியிருக்கிறார்.