ஓசி விறகு எடுத்த அனுபவம் இருக்கா? என் கதையை முதல்ல சொல்றேன்

குரோம்பேட்டை மருமக:

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு வெந்நீர் அடுப்பு இருக்கு, மாமனாரோட அடுப்பு. ஹீட்டர் தண்ணில குளிச்சா உடம்பு வலி போகாதுங்கிறது அவர் கட்சி. விழுப்புரம் பக்கத்து கிராமத்துலேர்ந்து இங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அடுப்பை மட்டும் விடல. விறகுக்குன்னு நாங்க காசு குடுத்தது ரொம்ப கம்மி, பாதிக்கு மேல தெருவுல கிடைச்சதுதான்.

ஆரம்பிச்சது 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடிச்ச அன்னைக்கு. எங்க தெருவுல மட்டும் ஆறு மரம் சாஞ்சுது, ஒரு வேம்பு, ரெண்டு தூங்குமூஞ்சி, மீதி மஞ்சப்பூ கொட்டுமே அந்தப் பெருங்கொன்றை. வண்டி போக வழி விட்டா போதும்னு ஆளுங்க வந்து அறுத்து ஓரமா தள்ளிட்டு, வேணும்னா எடுத்துக்குங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கரன்ட் இல்ல, போன் இல்ல, வேற வேலையும் இல்ல, நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு நாள் கட்டை உருட்டினோம். மாமா அப்போ மக வீட்டுல இருந்தாரு, அதான் தப்பாப் போச்சு.

ஏன்னா எங்களுக்கு அடுக்கத் தெரியல. பின்பக்க சுவரோட ஒட்டி, மண்ணு மேலயே, உருண்டையா அப்படியே அடுக்கி, மழை படக்கூடாதேன்னு நீல தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிட்டோம். பாக்கவே அம்சமா இருந்துது. மார்ச்ல பிரிச்சா குப்புன்னு புளிச்ச வாடை, கட்டை பூரா வெள்ளை வெள்ளையா காளான், அடியில இருந்து சுவர் மேல ஒரு மண் கோடு போகுது, அது நேரா பின்வாசல் நிலைக்குப் போய் முடியுது. கரையான். நிலையை விரல்ல தட்டினா உள்ள கோறையா கேக்குது. ஓசி விறகுக்கு ஆசாரிக்குக் குடுத்தது நாலாயிரத்து ஐநூறு. மாமா வந்து பாத்துட்டு சொன்னது ஒரே வரிதான், "ஏம்மா, பொணத்தை மூடுற மாதிரி மூடினா எங்கேர்ந்து காயும்?"

இப்ப அவர் சொன்னபடிதான். ஹாலோ பிளாக் ரெண்டு வரிசை, மேல குறுக்கே சவுக்குக் கம்பு, அதுக்கு மேலதான் விறகு, சுவருக்கும் விறகுக்கும் ஒரு முழம் இடைவெளி. ஷீட் தலைக்கு மேல மட்டும், பக்கமெல்லாம் தொறந்தே கிடக்கும், சாரல் லேசா பட்டா பரவால்ல, காத்து போகணும். அதைவிட முக்கியம், பச்சையா இருக்கும்போதே பிளந்துடணும். அதுலயும் தூங்குமூஞ்சி முறுக்குன நார், கோடாரி போய் மாட்டிக்கிச்சுன்னா வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேணும், அதுக்கு ஆப்பு வச்சு அடிச்சாதான் ஆகும். பட்டை தானா கழண்டு வரணும், வெட்டுன முகத்துல நடுவுலேர்ந்து நாலா பக்கமும் வெடிப்பு ஓடியிருக்கணும், ரெண்டு கட்டையைத் தட்டினா டங்குன்னு கேக்கணும். தொப்புன்னு கேட்டா இன்னும் ஈரம். அதை அடுப்புல வச்சா தீயில இல்லாத முனையில நுரை தள்ளிக்கிட்டு உஸ்ஸுன்னு சத்தம் போடும், புகைதான் வரும், தண்ணி காயாது.

இன்னொண்ணு சொல்லணும், இது கொஞ்சம் உறுத்தல். மழைக்கு முன்னாடி லைன்ல உரசுற கிளையை ஈபி ஆளுங்க கழிச்சுப் போடுவாங்கல்ல, ஒரு தடவை அதை எடுக்க கார்ல போனேன், டிக்கி நிறைய அள்ளிப் போட்டுட்டு இருக்கேன், தெருமுனையில இட்லிக்கடை வச்சிருக்கற அம்மா கையில சும்மாட்டுத் துணியோட வந்து நிக்கறாங்க. திட்டல. "நீ கார்ல வந்து எடுத்துட்டா நான் எங்க கண்ணு போறது" அவ்ளோதான். அந்தத் தெரு சுள்ளி வருஷக்கணக்கா அவங்க எடுக்கறது, எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கணும். இப்ப முதல்ல அவங்களுக்குத்தான் போன். சுள்ளியும் மிளாறும் அவங்களுக்கு, கோடாரி போட வேண்டிய கட்டை எங்களுக்கு.

தோட்டத்துக்காரன்:

கோயமுத்தூருங்க, எங்களுக்கு விறகுன்னா தென்னைதானுங்க. சுத்தி இருந்த தோப்பெல்லாம் சைட் ஆயிடுச்சு, மிச்சம் ரெண்டு தோட்டம் இருக்கு, மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்றாங்க, அவங்களுக்கும் இடம் அடைச்சுட்டுக் கிடக்குது. பன்னாடையும் காஞ்ச பாளையும் பத்த வைக்கறதுக்கு, மண்ணெண்ணெயே தேவையில்லைங்க. மட்டை சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிஞ்சும் போயிடும், பக்கத்துலயே உக்காந்து தள்ளிட்டே இருக்கோணும்.

ஆனா மட்டையைக் குமிச்சு வச்சா எலி வருதுங்க, எலி வந்தா அடுத்து யாரு வருவாங்கன்னு சொல்லவே வேண்டாம். போன ஐப்பசில சம்சாரம் மட்டையை இழுக்கறா, ஆறடி சாரை ஒண்ணு அவ கால் மேல ஏறி அந்தப் பக்கம் போச்சு. அது ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சொன்னேன், அதுக்கப்புறம் ஒரு வாரம் எனக்கு வெந்நீர் கிடையாது. இப்ப கையை விட மாட்டோமுங்க, குச்சியில ரெண்டு தட்டு தட்டி, கொக்கியில இழுத்துத்தான் எடுக்கறது.

பட்டுக்கோட்டை பக்கம்:

ஓசியா குடுத்தாலும் ஆள் வாங்காத விறகு பாத்திருக்கீங்களா? 2018 நவம்பர் 16 காலையில எழுந்து பாத்தப்ப எங்க ஊர்ல எங்க பாத்தாலும் படுத்துக் கிடந்துச்சு. கஜா புயல். எங்க வீட்டுக்கொல்லையில மட்டும் பதினோரு தென்னை. யாருகிட்ட குடுக்கறது, அவன் வீட்டுலயும் அதேதான் கிடக்கு. அடிமரம் கோடாரிக்கு மசியாது, வெளிப்பக்கம் இரும்பு, உள்ள ஈரப் பஞ்சு, மெஷின் ரம்பம் வச்சிருந்தவனுக்குத்தான் அப்ப மவுசு. அறுக்காம விட்டாலும் வம்பு, மக்குன தண்டுல காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அது மிச்சம் நிக்கற தென்னையோட குருத்தைக் குடைஞ்சு தின்னும்.

கரன்ட் வர்ற வரைக்கும் ராத்திரி சமையல் விறகுல, விறகு பூரா நனைஞ்சது. அம்மா அடுப்பு மேட்டைச் சுத்தி நாளைக்கு வேண்டியதை இன்னைக்கே நிறுத்தி வைக்கும், எரியற தீச்சூட்டுல அது காயும். பரண் மேல பழைய தேங்கா சிரட்டை ஒரு சாக்கு இருந்துச்சு, அத வச்சுத்தான் முதல் வாரம் ஓடுச்சு. அதுலேர்ந்து எங்க வீட்டுல சிரட்டையைத் தூக்கிப் போட்டா அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கணும்.

குன்னூர் குளிரு:

மலையில கதை வேற. எஸ்டேட்ல தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுற, அதாவது வெட்டி விடுற வருஷம் மிளாறு கிடைக்கும், விரல் தண்டிதான் ஆனா நல்லா நின்னு எரியும். ஆளுங்க சுமை கட்டி லைன் வீட்டுக்குக் கொண்டுபோவாங்க, எங்க அப்பாவும் அப்படிக் கொண்டுவந்தவருதான். இங்க வெளிய அடுக்கி ஷீட் போட்டாலும் மூடுபனி உள்ள பூந்துரும், அடுப்புக்கு நேர் மேல பரண் கட்டி ஏத்தினாதான் காயும். கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், அதை எரிச்சா வீடு பூரா தைலம் வாசம்.

மொட்டைமாடி:

எல்லாரும் எரிக்கறதைப் பத்தியே சொல்றீங்க, மேல் வீட்டுக்காரங்க சார்பா நான் பேசறேன். எங்க கீழ் வீட்டுல தினம் காலையில ஏழு மணிக்கு புகை, கொடியில காயற துணி பூரா கருவாடு நாத்தம். சண்டை போட்டும் நிக்கல, அப்புறம் பாத்தா அவர் எரிச்சது பழைய கட்டில் பிளைவுட்டும் பெயின்ட் அடிச்ச ஜன்னல் கதவும். அந்தப் பசையும் பெயின்டும் எரிஞ்சா வர்ற புகை சாதாரண விறகுப் புகை இல்ல, அதுலயும் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். எடுத்துச் சொன்னப்புறம் விட்டுட்டாரு.

அரளியும் வேண்டாம். ரோடு நடுவுல டிவைடர்ல வெட்டிப் போட்டுக் கிடக்கும், சும்மா கிடைக்குதேன்னு எடுத்துடாதீங்க, அதோட புகையும் விஷம்தான்.

ஒரு சந்தேகம், தெருவுல பட்டுப்போன மரத்தை நாமளே வெட்டிக்கலாமா?

குரோம்பேட்டை மருமக:

வேண்டவே வேண்டாம். தெரு மரம் நம்மளுது இல்ல, பட்டுப் போயிருந்தாலும் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கித்தான் வெட்டணும். கீழ விழுந்து கிடக்கறதையே நான் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடுறேன்.

அந்தப் பாம்பு மேட்டரைப் படிச்சுட்டுப் போய் எங்க அடுக்கைக் கலைச்சுப் பாத்தோம், பாம்பு இல்ல, நட்டுவாக்காலி ரெண்டு இருந்துது. மாமா செருப்பு போடாமதான் விறகு எடுக்கறாரு, சொன்னா கேக்க மாட்டாரு.

மடிப்பாக்கம்:

சரி நானும் ஒண்ணு சொல்றேன், எங்க எதிர் வீட்டுல நேத்து காத்துல பெரிய மரம் சாஞ்சுடுச்சு, எடுத்துட்டுப் போனா போதும்ங்கறாங்க, இடுப்பு தண்டி இருக்கு. முருங்கை. யாருக்காவது வேணுமா?

குரோம்பேட்டை மருமக:

மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. முருங்கைக்கட்டை வேண்டாமாம், கீரையும் காயும் இருந்தா சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம்.