குழம்புக்கு வாங்கிய அயிரை தொட்டிக்கு வந்துவிட்டது, கூட எந்த நாட்டு மீன் விடலாம்?

கூடல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு குழம்புக்குக் கால் கிலோ உயிர் அயிரை வாங்கி வந்தேன். மண்ணைக் கக்கட்டும் என்று மாமியார் பாலில் விடப் போன நேரத்தில், மூன்றாவது படிக்கும் என் மகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி எட்டு மீனைத் தனியாக எடுத்துக்கொண்டாள். மீதி குழம்பாகிவிட்டது, அவளும் சாப்பிட்டாள், அது வேறு கதை. எட்டும் இப்போது பரணில் கிடந்த பழைய தொட்டியில் இருக்கின்றன. இரண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒரு அடி. அடியில் கலர் கல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், வைகைக் குழாய்த் தண்ணீர்.

முன்பு இதே தொட்டியில் கோல்டு ஃபிஷ் மூன்று தடவை வாங்கி மூன்று தடவையும் செத்தது. அதனால் இந்தத் தடவை நம்ம பக்கத்து மீன்களாகவே வைக்கலாம் என்று ஆசை. மனதில் இருப்பவை: மிஸ் கேரளா ஆறு, பல்லத்தி (கடையில் ஆரஞ்சு குரோமைடு என்கிறார்கள்) ஒரு ஜோடி, குட்டி பஃபர் இரண்டு, அப்புறம் கண்மாயில் செக்கச்செவேல் என்று கூட்டமாகத் திரியுமே விரால் குஞ்சு, அதில் நாலைந்து. எல்லாம் ஒன்றாக இருக்குமா? இன்னொன்று, அயிரை அடிக்கடி விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகிறது. சாகப் போகிறதா?

பாசிபிடித்தவன்:
சாகாது சார். அயிரை குடலாலும் காற்றை உறிஞ்சும், சேற்றில் பிழைக்கிற மீனுக்கு அது தேவை. எப்போதாவது ஒன்று வந்து போனால் சரி. எட்டும் ஓயாமல் மேலேயே வந்துகொண்டிருந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே பாதியை மாற்றுங்கள்.

உங்கள் பட்டியல் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் தொட்டி கணக்குப்படி ஏறக்குறைய 57 லிட்டர், மணலும் கல்லும் போக 45 லிட்டர் நின்றால் பெரிய விஷயம். மிஸ் கேரளா கடையில் விரல் நீளம்தான் இருக்கும், வளர்ந்தால் நாலைந்து அங்குலம், கூட்டமாக நீந்த நாலடித் தொட்டியாவது வேண்டும். அது குளிர்ச்சியான ஓடும் தண்ணீர் மீன், மதுரை மே மாதத்தில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆற்றில் பிடித்துப் பிடித்தே அருகிப்போன மீன் வேறு.

குட்டி பஃபர் ஒரு அங்குலம்தான், ஆனால் அடுத்தவன் துடுப்பைக் கடிக்காமல் இருக்காது. நத்தையும் புழுவும் உயிரோடு கிடைக்க வேண்டும். அதற்குத் தனித் தொட்டி வையுங்கள், இதில் வேண்டாம்.

நானாக இருந்தால் கீழே அயிரை எட்டு, நடுவில் வாய்க்காலில் கிடைக்கும் பொடிக்கெண்டை எட்டு, மேலே சின்ன பஞ்சாக்ஸ் நாலு. பொடிக்கெண்டை என்றால் இரண்டு அங்குலம் தாண்டாத ஜாதி (புண்டியஸ் விட்டேட்டஸ்), கையில் கிடைக்கிற கெண்டைக் குஞ்சு எல்லாம் இல்லை. பஞ்சாக்ஸ் நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும், தண்ணீர் மட்டத்திலேயே மிதந்து கொசுப்புழுவாகப் பொறுக்கும். அதிலும் கோடு போட்ட பெரிய வகை நாலு அங்குலம் வரும், பொடிக்கெண்டையையே விழுங்கும். கேட்டு வாங்குங்கள். மூடி இல்லாமல் பஞ்சாக்ஸ் விட்டால் காலையில் தரையில்தான் பொறுக்குவீர்கள்.

மூடைதூக்கி:
விரால் குஞ்சு பற்றி நான் சொல்கிறேன், அனுபவம். அந்தச் சிவப்பைப் பார்த்து மயங்கி ஆறு குஞ்சு கொண்டுவந்து விட்டேன். சில வாரத்தில் சிவப்பு போய்விட்டது. தொட்டியில் கெண்டை குறைந்துகொண்டே வந்தது, பூனை என்று நினைத்து மேலே பலகையெல்லாம் வைத்தேன். கடைசியில் பார்த்தால் ஆறு விரால் மூன்றாகி, ஒன்றின் வாயில் கெண்டை வால் தொங்குகிறது. விரால் முழங்கை நீளம் வளரும் அண்ணே. கெளுத்தியும் அப்படித்தான், விளக்கை அணைத்த பிறகு வேலையைக் காட்டும்.

உப்பாற்றுக்காரி:
பல்லத்தியை யாரும் தொடவில்லையே, எனக்கு மிகவும் பிடித்த மீன் அது. இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடியை அயிரையோடு ஒரு வருடம் வைத்திருந்தேன், சண்டையே இல்லை. முட்டையிடும் வரைதான் அந்தச் சமாதானம். முட்டை வைத்த அன்றிலிருந்து ஆணும் பெண்ணும் காவல் நிற்கும், குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் இருக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்னும், பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் மற்ற மீன் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அயிரை மீசை இரண்டு போய்விட்டது. பல்லத்தி வேண்டுமென்றால் அதை மட்டும் வையுங்கள்.

பஞ்சாக்ஸ் கிடைக்காவிட்டால் குபானஸ் தேடுங்கள், ஃபைட்டர் மீனுக்கு உறவுக்கார மீன், வாய்க்காலிலும் வயல் ஓரத்திலும் இருக்கும், இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீனை வைத்து 1831இல் விவரித்ததால் அந்த ஊர் பெயரே வந்துவிட்டது. பெயரிலேயே ஊர் இருக்கும் நாட்டு மீன், கடையில் யாரும் சீண்டுவதில்லை.

கூடல்வாசி:
எல்லோருக்கும் நன்றி. விரால், பஃபர், மிஸ் கேரளா மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், பல்லத்தியை மனசில்லாமல் அடித்தேன். அயிரைக்கு மணல் வேண்டும் என்று படித்தேன், பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், எம் சாண்ட் அள்ளிப் போடலாமா?

பாசிபிடித்தவன்:
போடவே போடாதீர்கள். எம் சாண்ட் உடைத்த கல், ஒவ்வொரு பொடியும் முனை முனையாக இருக்கும். அயிரை தலையை மணலில் நுழைத்து, வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்பும் மீன், மீசையும் வயிறும் கிழிந்துவிடும். கலர் கல்லில் அதனால் புதையவே முடியாது. உருண்டையான ஆற்று மணல் ஒரு சட்டி போதும், பழைய கட்டட வேலையில் மிஞ்சியதை யாராவது வைத்திருப்பார்கள். கழுவுகிற தண்ணீர் தெளியும் வரை அலசி இரண்டு அங்குலம் பரப்புங்கள்.

கெண்டையை இப்போதே வாங்க வேண்டாம். ஃபில்டரில் மீன் கழிவின் நஞ்சை மாற்றும் நல்ல பாக்டீரியா பிடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். கோல்டு ஃபிஷ் மூன்று தடவை செத்ததும் பெரும்பாலும் இதனால்தான். ஓடுகிற தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கடன் வாங்கினால் சீக்கிரம் முடியும். குளோரின் போகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, வாரம் கால்வாசி மாற்றுங்கள். தீனியை விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் வகையாகப் போடுங்கள், இல்லையென்றால் மேலே இருப்பவையே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

உப்பாற்றுக்காரி:
கண்மாயில் வேலம்பாசி அள்ளினால் இரண்டு நாள் தனி வாளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். தட்டான் புழு ஒளிந்து வரும், பொடி மீனைக் கவ்விப் பிடித்துத் தின்னும். அப்புறம் மீன் சலித்துப்போனால் கண்மாயில் கொட்ட வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள். டேங்க் கிளீனர் மீன் என்று வாங்கியதை எல்லாம் ஏரியில் கொட்டிக் கொட்டித்தான் இப்போது வலை போட்டால் அதுவே வருகிறது.

கூடல்வாசி:
மணல் போட்டாயிற்று. போட்ட பத்தாவது நிமிடம் எட்டும் காணோம். மகள் டார்ச் அடித்துத் தேடினாள், மணலுக்கு வெளியே எட்டு ஜோடிக் கண் மட்டும் தெரிகிறது. மாமியாரும் வந்து குனிந்து பார்த்தார். "இத்தனை வருசமாக ஆய்கிறேன், இது கண்ணை இப்படி உருட்டும் என்று தெரியாதே" என்றார். வரும் ஞாயிறு கோழி.